கங்காணிக்குத் தீனி போட்டவர்

மடுல்சீமை பஸ்ஸோடு அந்த அக்கா போட்ட சண்டையிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் நம்பமாட்டீர்கள்.

ஒரு அடைமழைக் காலையில் அந்த பஸ் அவரைக் கண்டும் நிற்காமல் போய்விட்டது. இடமில்லாமல் இல்லை. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனானாம். அக்கா நாலு கட்டை, அதாவது நாலு மைல், நனைந்து நடந்து வேலைக்கு வந்தார். சேலையைப் பிழிந்துவிட்டுக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவ உட்கார்ந்தார். மறுநாள் அதே இடத்தில் நின்று கை காட்டினார். பஸ் நின்றது. அக்கா ஏறவில்லை.

"ஏறுங்கக்கா, நேரமாகுது."

"நான் ஏறலையே. நீங்க போங்க."

"அப்ப என்னாத்துக்கு கை காட்டுனீங்க?"

"நிக்குதா இல்லையான்னு பாத்தேன்."

அடுத்த நாள் ஏறினார். அதற்கடுத்த இரண்டு நாளும் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் ஏறினார். எந்த நாள் ஏறுவார், எந்த நாள் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று கொண்டக்டருக்குத் தெரியாது. நிறுத்தாமல் போகவும் பயம், உள்ளே இருந்த பெண்கள் எல்லாம் அக்கா பக்கம். நிறுத்தினால் டிரைவர் திட்டுவான். ஒரு மாதத்துக்குமேல் இப்படி ஓடியது. கடைசியில் அந்தப் பையன் பஸ்ஸை விட்டு இறங்கி, குடையை அவர் தலைக்குமேல் பிடித்து, "அன்னைக்கு நான் செஞ்சது தப்புத்தான்க்கா" என்றான். அக்கா ஏறிக்கொண்டார். மறுநாள் மறுபடியும் ஏறவில்லை.

நான் கேட்டேன், "அவன்தான் மன்னிப்பு கேட்டுட்டானே அக்கா?"

"கேட்டது நேத்து. நான் நனைஞ்சது அதுக்கு முந்தியில்ல தம்பி?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இருக்காது. அதுதான் பயங்கரம். எனக்கு அவரைப் பிடிக்கும், அவர்மேல் பயமும் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன.

நாங்கள் வேலை செய்த இடம் மூடிப்போன ஒரு தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலை ஆலை. அதன் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய தட்டுகளை எடுத்துவிட்டு, தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிறோம் என்று ஒரு நிலையம் நடந்தது. தலைவர் ஒரு டொக்டர். நாங்கள் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவோம். ஏதோ ஒரு தோட்டத்துக் கிளாக்கரின் மகன், கொழும்பில் படித்து, வெளிநாடு போய்த் திரும்பி வந்தவர். நான் அவருடைய உதவியாளன். பதுளை டவுனில் அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. பிஎஸ்ஸி முடித்திருந்தேன். தோட்டங்களைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்து வளர்ந்தவன் நான். அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். பதினாறு வயதிலிருந்து கொழுந்தெடுத்தவர். நிலையத்துக்குக் கிளீனராக வந்தார். அவருடைய வரவு மட்டும் செக்ரோல் என்கிற தோட்டத்து வரவுப் பதிவேட்டிலேயே விழுந்துகொண்டிருந்தது.

வந்த முதல் வாரம், மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டார். நான் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. கீழே ஒரு துளித் தண்ணீரில் டிடினியம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு செல்தான் அதன் முழு உடம்பும். பீப்பாய்க்கு மூக்கு முளைத்த வடிவம். சுழன்று சுழன்று நீந்தும். பரமேசியம் என்கிற, செருப்பின் அடிப்பாகம் போலிருக்கும் இன்னொரு செல்லில் அந்த மூக்கு முட்டினால் விடாது. தன்னைவிடப் பெரிய அந்த இரையை முழுசாக உள்ளே இழுத்துவிடும். விழுங்கி முடித்ததும் வயிறு தள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பிறகு இரண்டாகப் பிரியும். இரண்டும் பசியோடு கிளம்பும்.

அக்கா நிமிர்ந்து, "இது எங்க கங்காணி தம்பி" என்றார்.

ஆட்களை வேலைக்கு விரட்டும் கங்காணி அது. அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் டிடினியம் என்ற சொல்லே ஒழிந்தது. கங்காணி, செருப்பு, அவ்வளவுதான். சேர்கூட, "கங்காணிக்குத் தீனி போட்டாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்.

அக்கா சொன்ன கங்காணி சும்மா வந்த பேச்சில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அம்மா காய்ச்சலோடு ஒரு நாள் முழுக்கக் கொழுந்தெடுத்திருக்கிறார். நிறை குறைவு என்று கங்காணி அரைப்பேர் போட்டுவிட்டார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோலில் பேர் விழுந்தால் நீங்கள் அன்றைக்கு உழைத்தவர். அரைப்பேர் விழுந்தால் பாதி மனுசர். டவுனில் வளர்ந்த எனக்கு இதை அக்காதான் விளக்கினார்.

"அந்த கங்காணி அப்புறம் என்ன ஆனாரு?"

"செத்துட்டாரு. எங்க லயத்து வீடுகள்ல இருந்த எல்லாரும் தூக்கிட்டுப் போனாங்க. நானும் போனேன். பாதி வழி வரைக்கும்."

"ஏன், பாதியில?"

"எங்கம்மாவுக்கு அவரு போட்டது அவ்வளவுதானே."

சொல்லிவிட்டுச் சோதனைக்குழாய்களைத் துடைத்து அடுக்கினார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இனி வேலையைச் சொல்ல வேண்டும்: கங்காணியைத் தூய வளர்ப்பில் வைத்திருப்பது. தூய வளர்ப்பு என்றால், கண்ணாடிக் கிண்ணத்தில் கங்காணியும் அதற்கு இரையாகும் செருப்பும் தவிர மூன்றாவது உயிர் எதுவும் இருக்கக் கூடாது. சொல்லச் சுலபம். இரை பற்றீரியாவைத் தின்று வளர்வது. எனவே இரையின் உடம்பிலும் வயிற்றிலும் பற்றீரியா இருக்கும். அதைக் கங்காணிக்குப் போட்டால், இரையோடு அந்த அழுக்கும் கிண்ணத்துக்குள் போகும். இரண்டு நாளில் தண்ணீர் கலங்கும், மூன்றாம் நாள் நாறும், நான்காம் நாள் கங்காணி இருக்காது. சேரும் நானும் எட்டு மாதம் இதைத்தான் செய்தோம். கிண்ணம் கிண்ணமாகச் சாகடித்தோம். சாகடித்த கிண்ணங்களையெல்லாம் அக்காதான் கழுவினார்.

ஒருநாள் கழுவுகிற இடத்திலிருந்தே கேட்டார்.

"தம்பி, செருப்பை ஏன் வயித்தோட போடுறீங்க?"

"புரியலையே அக்கா."

"கோயிலுக்கு சேவல் அறுக்கிறதுன்னா முந்தின நாளே கட்டிப்போட்டுருவோம். தீனி போட மாட்டோம். கொடலு சுத்தமாயிரும். இதையும் ஒரு ராவு பட்டினி போட்டா என்னா?"

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் படித்த எந்தப் புத்தகமும் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை. அன்று மாலை இரையை வடித்து எடுத்துச் சுத்தமான தண்ணீரில் விட்டு வைத்தார். காலையில் அவை ஒட்டிப்போய் மெலிந்திருந்தன. வயிற்றில் இருந்ததையெல்லாம் கழித்திருந்தன.

தண்ணீரையும் அவர்தான் மாற்றினார். நாங்கள் புட்டியில் வரும் காய்ச்சி வடித்த நீரில் உப்புகளை அளந்து கலந்துகொண்டிருந்தோம். ஸ்டோருக்குப் பின்னால், மலைத்தண்ணீர் குழாயில் வந்து கொட்டும் ஒரு பீலி இருந்தது. பெண்கள் துணி துவைக்கும் இடம். கங்காணியை நாங்கள் முதலில் பிடித்ததே அதன் கீழ்க் குட்டையிலிருந்துதான். அக்கா பீலித் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்து, மூடி, மூன்று நாள் ஆறவிட்டுப் பிறகு ஊற்றினார். "அது பொறந்த தண்ணி தம்பி. அதுலதான் அது கெடக்கும்" என்றார்.

கழுவுவதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி இழுத்தால் மயிரளவு நுனி கிடைக்கும். அந்த நுனியால் ஒரே ஒரு கங்காணியைத் தனியாக உறிஞ்சி எடுத்து, சுத்தமான ஒரு துளியில் விட வேண்டும். அங்கிருந்து இன்னொரு துளிக்கு. நாங்கள் மூன்று துளியோடு களைத்துவிடுவோம். நுனி உடையும், அல்லது உயிர் நசுங்கும். அவர் ஏழு துளி மாற்றுவார். இருபது வருசம் கொழுந்தின் நுனியை மட்டும் கிள்ளிக் கிள்ளிப் பழகிய விரல்கள். கண் நுணுக்குக்காட்டியில் இருக்கும், கை தன் பாட்டில் போகும். ஏழாவது துளியில் கங்காணி சுழன்று நீந்தும்போது, "இப்ப குளிச்சிட்டாரு" என்பார்.

தீனி விஷயத்தில் அவருக்கு ஒரு கொடூர சந்தோசம் இருந்தது. ஒரு கங்காணிக்கு இத்தனை செருப்பு என்று எண்ணித்தான் போடுவார். முழு வயிறு கொடுக்க மாட்டார். காலையில் அடுக்குக்கு முன்னால் நின்று ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார். அதற்குப் பெரட்டு என்று பெயர், தோட்டத்தில் விடிகாலையில் ஆள் எடுக்கிற மாதிரி. "ஒனக்கு இன்னைக்கு மூணு. ஒனக்கு ரெண்டுதான், நேத்து கூட தின்னுட்டே. நீ பேசாம கெட." அப்படி அரை வயிற்றில் வைத்தால்தான் அவை துடிப்பாக வேட்டையாடின என்பது வேறு கதை. வாரங்கள் மாதங்களாயின. கிண்ணங்கள் ஒன்றுகூட நாறவில்லை. இவ்வளவு நாள் தூய்மையாக அந்த உயிரை வளர்த்தது பெரிய காரியம் என்று சேர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

ஆய்வுக் கட்டுரை எழுதும் நேரம் வந்தது. அக்கா சேரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அவர் தனக்கென்று ஒன்று கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"சேர், இதுல எம் பேரும் போடுவீங்கதானே?"

"போடாமலா? கட்டாயம் போடுறேன்" என்றார் சேர். நானும் அங்கேதான் இருந்தேன்.

கட்டுரையைத் தட்டச்சு செய்தவன் நான். மூன்று பெயர்கள் போட்டேன். செய்முறையில் பீலித் தண்ணீர், ஒரு ராப் பட்டினி, ஏழு துளி, எல்லாவற்றையும் எழுதினேன். சேர் வாசித்துவிட்டுச் சிரித்தார். துணி துவைக்கிற தண்ணீரை ஒரு விஞ்ஞானக் கட்டுரையில் எழுதுவாயா என்று கேட்டார். காய்ச்சி வடித்த நீர் என்று போடச் சொன்னார். சேவல் அறுக்கிற யோசனைக்கு எந்தப் புத்தகத்தை ஆதாரம் காட்டுவாய், எடு என்றார். ஏழு துளி மூன்று துளியானது, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம். கடைசியாக மூன்றாவது பெயரில் விரலை வைத்தார். "இவங்க கிளீனர். கேட்கிறவன் சிரிப்பான்."

அழித்தது சேர் இல்லை. என் விரல்தான். ஒரு விசை, அவ்வளவுதான். பெயர் போனதும் வரி சரியாக நடுவில் வந்து அழகாக நின்றது. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, சேரின் கையெழுத்து வேண்டியிருந்தது. இது காரணம். நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கட்டுரை வெளிவந்த வாரம், தேத்தண்ணி நேரத்தில் அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஆங்கில எழுத்தில் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

"இது யாரு தம்பி?"

"சேர்."

"இது?"

"நான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் அக்கா."

அவர் நேராகச் சேரிடம் போனார். நானும் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

"சேர், பேரு போடுறேன்னீங்க."

சேர் கிளாக்கர் மகன் இல்லையா, தோட்டத்துப் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு இனிமையாகச் சொன்னார்: "போட்டாச்சே! ரெண்டு பௌர்ணமி போயா லீவுல வந்து தீனி போட்டீங்கதானே? செக்ரோல்ல ரெண்டு பேரு போடச் சொல்லிட்டேன். முழுப்பேரு! போய்ப் பாருங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

அக்கா சேரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு, "சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் வழக்கம்போல வந்தார். என்னிடம் ஒரு உதவி கேட்டார். கட்டுரையில் எப்படி வளர்ப்பது, எப்படித் தீனி போடுவது என்று எழுதியிருக்கிற பகுதியைத் தமிழில் எழுதித் தர வேண்டும், ஒரு வரி விடக்கூடாது. அவர் விஷயத்தில் எனக்கு இருந்த குற்ற உணர்ச்சிக்கு அதைச் செய்வது ஆறுதலாக இருந்தது. நல்ல கையெழுத்தில் இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அவர் புட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பீலித் தண்ணி?"

"எழுதலையே தம்பி." சுவரைக் காட்டினார். "காய்ச்சி வடிச்ச நீர்னு இருக்கு."

கங்காணியை மூன்று துளியோடு அலசி நிறுத்தினார், இரையைப் பட்டினி போடாமல் அப்படியே கிண்ணத்தில் விட்டார். எத்தனை வேண்டுமோ அத்தனை. கட்டுரையில் 'போதுமான அளவு' என்று இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் எதையும் கெடுக்கவில்லை, எதையும் கொல்லவில்லை. எழுதியதை எழுதியபடி செய்துகொண்டிருந்தார். உடனே சேரிடம் ஓடிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குள்ளே குளுகுளுவென்று இருந்தது. அந்த ஆள் என்னையும் இரண்டு வருடம் கைகட்டி நிற்கவைத்தவர். நிரந்தர வேலை, நிரந்தர வேலை என்று ஆசை காட்டியே ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றவர். படட்டும் என்று நினைத்தேன். அக்கா வைக்கிற நெருப்பு சேருக்கு மட்டும்தான் என்று நினைத்தேன், முட்டாள்.

கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் கலங்கின. கங்காணிகள் முதலில் கொழுத்தன. தொந்தியும் தொப்பையுமாக உருண்டன. பிறகு வேட்டையை விட்டுவிட்டு அடியில் கிடந்தன. பிறகு அடியிலும் இல்லை. அக்கா ஒவ்வொரு நாளும் பெரட்டு எடுத்தார். முன்பு பேசியதைப் போலப் பேசவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் போனார். சேர் அந்த மாதம் முழுக்கக் கொழும்பில் இருந்தார். உலகத்துத் தூய வளர்ப்புகளை வாங்கிப் பாதுகாக்கும் ஒரு வெளிநாட்டு நிலையம் எங்கள் கங்காணியைக் கேட்டு எழுதியிருந்தது. இரண்டு பேர் நேரிலே வருவதாக ஏற்பாடு. அவர்கள் எடுத்துக்கொண்டால் எங்கள் நிலையத்துக்கு இன்னும் ஐந்து வருடம் உயிர் இருக்கும்.

வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா, ஒரு ஜப்பான்காரர். நிலையத்துக்குப் பணம் கொடுக்கும் பெரியவர்கள் நாலைந்து பேரும் கொழும்பிலிருந்து வந்தார்கள், சேரும் அவர்களோடுதான் வந்து இறங்கினார். நுணுக்குக்காட்டியைப் பெரிய திரையில் இணைத்து நாற்காலிகள் போட்டிருந்தோம். சேர் கோட்டு போட்டிருந்தார். முதல் கிண்ணத்தை வைத்தார். திரையில் பற்றீரியா மொய்த்துக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. இரண்டாவது கிண்ணம். மூன்றாவது. ஆறாவது கிண்ணத்தை வைத்துவிட்டுச் சேர் திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்று பார்த்தார்.

"எங்க? எல்லாம் எங்க?" தமிழிலேயே கத்திவிட்டார்.

அக்கா சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சேர் எழுதுனபடிதான் செஞ்சேன். தம்பி தமிழ்ல எழுதிக் குடுத்திருக்கு. அந்தா ஒட்டியிருக்கேன். ஒரு வரி பெசகியிருந்தா சொல்லுங்க."

சேரால் என்ன சொல்ல முடியும்? எழுதியது தப்பு என்று அந்த ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அம்மா நல்ல மனுஷி. பரவாயில்லை, உயிர்கள் சாவது நடக்கிறதுதான், செய்கிற முறையையாவது பார்க்கிறோம் என்றார். இந்த வளர்ப்பைக் கையால் செய்தவர் யார் என்று கேட்டார். சேர் என்னைக் காட்டினார். இரண்டாவது பெயர் இவருடையதுதான் என்று சொன்னார்.

நான் அக்காவைப் பார்த்தேன். காப்பாற்றுங்கள் என்றுதான் பார்த்தேன்.

"செய்ங்க தம்பி" என்றார் அக்கா. "ஒங்களுக்குத்தான் முழுப்பேரு விழுந்திருக்கே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வந்தவர்களுக்குக் காட்டவென்று குட்டையிலிருந்து அன்று காலை எடுத்துவைத்திருந்த தண்ணீரில் இரண்டு மூன்று கங்காணிகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கழுவிக் காட்ட வேண்டும். குழாயை நெருப்பில் காட்டி இழுத்தேன். நுனி உடைந்தது. இன்னொன்றை இழுத்தேன். கங்காணி நுனிக்குள் வந்தது, வெளியே வரும்போது பிதுங்கி வெடித்தது. பெரிய திரையில் அதை எல்லோரும் பார்த்தார்கள். மூன்றாவது முறை கை ஆடிக் கிண்ணமே கவிழ்ந்தது. என் காது கொதித்தது. என் அப்பா கடையில் சாமான் திருடிப் பிடிபட்ட ஒருவனை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அவன் நின்ற மாதிரிதான் நின்றேன்.

ஜப்பான்காரர் அக்காவைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். சேர் அவசரமாக, "கிளீனர்" என்றார்.

அந்தச் சொல் அக்காவுக்குத் தெரியும். தலையை ஆட்டினார். "ஆமாங்க, கிளீனர்தான். எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன்."

அதில் இன்னொரு அர்த்தம் இருந்ததைச் சேர் அன்று மாலைதான் கண்டுகொண்டார். பசித்த கங்காணி சில நேரம் உருண்டு ஓடு கட்டித் தூங்கும், மாதக்கணக்கில் கிடந்து இரை வந்ததும் எழும்பும். அப்படித் தூங்குகிறதை நாங்கள் ஒரு அடுக்குக் குழாய்களில் சேமித்து வைத்திருந்தோம். வந்தவர்கள் போனதும் சேர் அதைத் தேடி ஓடினார். குழாய்கள் எல்லாம் கொதிநீரில் கழுவி, கவிழ்த்து, வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தன. பளிச்சென்று இருந்தன.

சேர் அக்காவிடம் போய்க் கெஞ்சியதை நான் பார்த்தேன். குட்டையிலிருந்து புதிதாகத் தொடங்கலாம், இன்னொரு கட்டுரை எழுதலாம், பேர் போடுகிறேன், முதல் பேராகவே போடுகிறேன் என்றார். அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார்.

"எம்பேரு என்னான்னு தெரியுமா சேர்?"

சேர் என் பக்கம் திரும்பினார். விரல் வைத்து அழிக்கச் சொன்ன அந்தப் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. இரண்டரை வருடம். அக்கா படியிறங்கிப் போனார்.

நிலையம் ஆறு மாதத்தில் மூடப்பட்டது. சேர் வெளிநாடு போய்விட்டார். அந்தக் கட்டுரை மட்டும் சாகவில்லை. அதைப் படித்துவிட்டுச் செய்துபார்த்த இரண்டு இடங்களிலிருந்து, நீங்கள் எழுதியபடி செய்தால் எல்லாம் நாறிப்போகிறதே என்று எழுதிக் கேட்டார்கள். அந்தக் கடிதங்கள் என் பெயருக்குத்தான் வந்தன. பதில் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் இப்போது பதுளையில் ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். போன மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அக்காவைக் கண்டேன். காளான் விற்றுக்கொண்டிருந்தார். அப்புத்தளைப் பக்கம் இரண்டு அறை எடுத்து, விதையிலிருந்து பை வரைக்கும் தானே வளர்க்கிறாராம். தூய வளர்ப்பு அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஒவ்வொரு பையிலும் அவருடைய முழுப் பெயர் மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது. கொட்டை எழுத்தில்.

"தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்று அவரே கேட்டார். பழைய குரல்தான். ஊர்க்கதை கொஞ்சம் பேசினோம். பிறகு நான் பல வருடமாக நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, ஒங்களப் பத்தி எழுதப் போறேன். எல்லாத்தையும். நான் அழிச்சது, சிரிச்சது, எல்லாத்தையும். ஒங்க முழுப்பேரையும் போட்டுத்தான்."

அவர் ஒரு பையை எடுத்து எனக்காக முடிச்சுப் போட்டார். அவசரமில்லாமல் போட்டார்.

"சேருக்கு தூக்கம் வருதாமா?"

"தெரியலக்கா. பேச்சில்ல."

"ஒங்களுக்கு?"

"சில நாள் வராது."

"எழுதுங்க. நல்லா எழுதுங்க. பேரை மட்டும் போட்டுறாதீங்க."

"ஏங்க்கா?"

பையை என் கையில் வைத்தார். அன்றைக்குச் சேரின் அறையில் என்னைப் பார்த்த அதே பார்வை.

"போட்டீங்கன்னா ஒங்க மனசு ஆறிரும் தம்பி. ஆற வேணாம்."